பூச்சியம் போடுவதற்கு முன்: வன்னியில் பாலியல் நோய்க் கணக்கு எடுப்பது எப்படி

காலாண்டு அறிக்கையில் சிபிலிஸ் என்ற வரிக்கு நேரே 0 போட்டுவிட்டு நிம்மதியாகப் பேனையை மூடி வைத்த ஆட்களில் நானும் ஒருவன். வேலைக்கு வந்த புதிது. அறிக்கையை வாங்கிப் பார்த்த பெரியவர் ஏசவில்லை, "தம்பி, இந்த மூன்று மாதமும் எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தனீர்?" என்று மட்டும் கேட்டார். பதினொரு பேர். அதுவும் முதல் ஆறு வாரத்தில். பிறகு பரிசோதனைப் பொருள் முடிந்து, அடுத்தது வருமட்டும் சும்மா இருந்தோம். "அப்ப முதல் ஆறு வாரத்துக்கு 11இல் 0 என்று எழுதும். மற்ற ஏழு வாரத்துக்கும் கோடு போடும்" என்றார். அன்றைக்குப் படித்தது இன்று வரை கைகொடுக்கிறது: பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் பூச்சியம், பார்க்கவே இல்லை என்றால் கோடு.

இந்தப் பாலியல் நோய்ப் பதிவேட்டைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள்தான், ஆனால் அந்த வகுப்பு கொழும்பில் நடக்கும், நீங்கள் இருப்பது ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ பூநகரியிலோ.

டெங்கு வேலை பழகிவிட்டு இதற்கு வருபவர்கள் விடும் முதல் பிழை, இதையும் டெங்கு மாதிரி நினைப்பது. டெங்கு என்றால் தொற்றுநோயை அறிவிக்கும் 544 படிவம் வரும், அதில் பெயரும் விலாசமும் இருக்கும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போய்ப் படலையடியில் நின்றே "ஆருக்குக் காய்ச்சல்?" என்று சத்தமாகக் கேட்டு, சிரட்டை ரயர் எல்லாம் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வளவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம், ஊரே உதவி செய்யும். சிபிலிஸ், கொனோரியா, எச்.ஐ.வி. எதுவும் அந்தப் படிவத்துக்கு உரியவை அல்ல. தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இருக்கும் மாவட்டக் கிளினிக்குகள் வழியாக, பெயர் இல்லாமல், இலக்கத்தோடு, எண்ணிக்கையாகத்தான் மேலே போகும். கிளினிக்குக்கு யாரும் கடிதம் இல்லாமல், காசு கொடுக்காமல் நேரே போகலாம், இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும்.

பெயர் போகாமல் இருப்பது ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். முறிகண்டியில் பஸ் நின்றால் அதில் யார் யார் இருந்தார்கள் என்று மாங்குளம் வரமுன்னரே ஊருக்குத் தெரிந்துவிடும் இடம் இது.

எதை எண்ணுவது

சனம் "பாலியல் நோய்" என்று சொல்லிக்கொண்டு வராது. உடம்புச் சூடு, வெட்டை, சலம் எரியுது, வெள்ளைபடுது, இடுப்புக் கொதி, இப்படித்தான் வரும். இந்தச் சொற்களை நோயாளி சொன்னபடியே ஒரு மூலையில் எழுதி வையுங்கள், ஆனால் எண்ணும்போது உங்கள் வரையறை ஒன்றாக இருக்க வேண்டும், மாதத்துக்கு மாதம், ஆளுக்கு ஆள் மாறக் கூடாது.

ஆண் ஒருவர் சலவாயிலிருந்து சீழ் வருகிறது என்று வந்தால் அது கண்காணிப்புக்குக் கிடைக்கிற மிக நல்ல அடையாளம். கொனோரியா தொற்றி பெரும்பாலும் 2 முதல் 7 நாளுக்குள் சீழ் காட்டிவிடும், ஆகவே இப்போது, இங்கே, நோய் பரவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி கிராம் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், வெள்ளணுவுக்கு உள்ளே இளஞ்சிவப்பில் இரண்டிரண்டாக, உடைத்த உழுத்தம் பருப்பு முகத்தோடு முகம் வைத்துக் கிடக்கிற மாதிரிக் கிடக்கும். ஒருதரம் கண்ணால் பார்த்தால் மறக்காது. வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்புவதென்றால் மருந்து கொடுக்க முன் மாதிரி எடுங்கள், எடுத்ததைப் பத்திரமாக இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். இந்தக் கிருமிக்குக் குளிரும் ஆகாது, காய்வதும் ஆகாது, செத்துவிடும். பிறகு "வளரவில்லை" என்று வரும் பதிலை நோய் இல்லை என்று படித்துவிடுவோம். கொனோரியா ஒவ்வொரு மருந்தாக எதிர்க்கப் பழகிக்கொண்டு வருகிற கிருமி என்பதால், ஊசி போட்டும் சீழ் நிற்காத ஒரே ஒருவர் வந்தாலும் அதைத் தனியாக எழுதி உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும், காலாண்டு முடிவு வரை வைத்திருக்கக் கூடாது.

வெள்ளைபடுதல் அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி பங்கசாலோ, யோனியில் வழமையாக இருக்கும் கிருமிகளின் சமநிலை குழம்புவதாலோ வருவது, அதைப் பாலியல் நோயாக எண்ணுவதில்லை. அதையும் சீழ் வந்த ஆண்களையும் ஒரே வரியில் கூட்டிப் போட்டால் கணக்கும் பிழைக்கும், ஒரு பாவப்பட்ட பெண்ணின் குடும்பமும் குழம்பும். கிளமிடியா இன்னொரு தலையிடி, பெண்களில் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. உலக சுகாதார நிறுவனம் 2020க்குப் போட்ட மதிப்பீட்டில் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் நான்கும் சேர்ந்து 15 முதல் 49 வயதுக்காரரிடம் 37.4 கோடி புதிய தொற்று; அதில் பெரும்பகுதி நோயென்றே உணரப்படாதவை. நோவு வந்தவர்களை மட்டும் எண்ணினால் எவ்வளவு நழுவும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிபிலிசைக் கட்டம் பார்த்து எழுதுங்கள். முதல் புண் நோகாது, தொற்றி 9 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில் வரும், சில வாரத்தில் மருந்தில்லாமலே மாறியும் போய்விடும், ஆள் சுகமாகிவிட்டது என்று நினைப்பார். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதைச் சொறி, ஒவ்வாமை என்று பூச்சு மருந்து போட்டுக்கொண்டு திரிபவர்கள் உண்டு. அதுவும் மாறும், அப்புறம் ரத்தத்தில் மட்டும் தெரியும். அண்மையில் தொற்றியது இரண்டு இருந்தால் அது நெருப்பு. பழையது இருபது இருந்தாலும் அது சாம்பல். இரண்டையும் கூட்டி 22 என்று அனுப்புவதில் பயனில்லை.

பழைய ரத்தமும் பறங்கியும்

சிபிலிசுக்கு முதலில் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், அதாவது அடையாளம் தெரிகிறது, என்று தாள் வந்தவுடன் புதிய நோயாளி என்று பதிய வேண்டாம். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்றவற்றிலும் அது பொய்யாகக் காட்டலாம், ஆகவே உறுதிப்படுத்தும் டி.பி.பி.ஏ. என்ற மற்ற ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். டி.பி.பி.ஏ. ஒருதரம் பொசிட்டிவ் ஆனால் பெரும்பாலும் சாகும்வரை பொசிட்டிவ்தான், ஆகவே அது பழைய கதையா புதிய கதையா என்று அது மட்டும் சொல்லாது. பார்க்க வேண்டியது வி.டி.ஆர்.எல். அளவின், அதாவது ரத்தத்தை எத்தனை மடங்கு ஐதாக்கியும் காட்டுகிறது என்பதன், ஏற்ற இறக்கம்: 1:4 இருந்தவர் 1:16க்கு ஏறினால், அதாவது நான்கு மடங்கானால், மறுபடி தொற்றியிருக்கலாம் அல்லது முதல் மருந்து வேலை செய்யவில்லை. 1:4 இலிருந்து 1:8 ஆவதை ஏற்றமாக எடுப்பதில்லை.

பிரச்சினை என்னவென்றால், ஒப்பிடுவதற்குப் பழைய அளவு வேண்டும். எங்கள் பக்கத்தில் 2009 இடப்பெயர்வோடு கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, காணி உறுதி எல்லாமே போய்விட்ட குடும்பங்கள் எத்தனை. நடுவயதைத் தாண்டிய ஒருவர் குறைந்த அளவில் ரியாக்டிவ் ஆக வந்தால் "முன்னம் எப்போதாவது இரண்டு பக்கமும் பெரிய ஊசி போட்டவையோ, வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் போட்டவையோ?" என்று கேளுங்கள். பென்சத்தீன் பென்சிலின் 24 இலட்சம் அலகு, போட்டவருக்கு அந்த நோவு மறக்காது. அண்மைத் தொற்று என்றால் ஒருதரம், நாள்பட்டது என்றால் வாரம் ஒன்றாக மூன்று. தாள் தொலைந்தாலும் இந்த ஞாபகம் தொலைவதில்லை. ஞாபகத்தை மட்டும் நம்பி மருந்து வேண்டாம் என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை, அது டொக்டரின் வேலை; நீங்கள் பதிவேட்டில் "புதியது" என்ற கட்டத்தில் போட முன் நிதானியுங்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் வழி விலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் வன்னியின் குளத்தடிக் கிராமங்களைப் "பறங்கி" என்ற நோய் போட்டு வாட்டியது. 1881இல் இலங்கையின் சிவில் மருத்துவத் தலைமை அதிகாரியாக இருந்த கின்சி அதைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதினார். அது இன்று யோஸ் என்று சொல்லப்படும் நோய், சிபிலிஸ் கிருமியின் மிக நெருங்கிய சகோதரத்தால் வருவது, ஆனால் பாலுறவால் பரவுவதே அல்ல, சின்னப் பிள்ளைகளுக்குள் தோலோடு தோல் பட்டுப் பரவுவது. வேடிக்கை என்னவென்றால் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகளால் இன்றைக்கும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பெயரைப் பாருங்கள், கப்பலில் வந்த பறங்கியர் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கொக்கிளாய், நாயாற்றுப் பக்கம் பருவத்துக்கு வந்து மீன்பிடிக்கிறவர்களில் ஒருவர் எங்கள் கிளினிக்கில் காட்டினால் எண்ணிக்கை எங்கள் மாவட்டத்தில் ஏறும், உடனே "அவங்கள் கொண்டுவந்தது" என்று கதை கிளம்பும். நோய் கண்ட இடம் வேறு, ஆள் வசிக்கும் இடம் வேறு, தொற்றிய இடம் வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதாமல் வாயைத் திறக்காதீர்கள்.

எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு எண்

ஒரு கணக்கு, கற்பனைக் கணக்குத்தான். போன காலாண்டில் 40 பேரைப் பார்த்து 2 பேருக்கு இருந்தது. இந்தக் காலாண்டில் 200 பேரைப் பார்த்து 4. "நோய் இரட்டிப்பு" என்று சிலர் தலைப்புப் போடுவார்கள், ஆனால் நூற்றுக்கு 5 இருந்தது நூற்றுக்கு 2 ஆகியிருக்கிறது. சரி, அப்படியென்றால் நோய் குறைந்ததா? அதுவும் தெரியாது. முதல் 40 பேர் புண்ணோடு வந்தவர்கள், பிறகு வந்த 200இல் பெரும்பாலோர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர்கள் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆகவே எத்தனை பேருக்கு இருந்தது, எத்தனை பேரைப் பார்த்தீர்கள், அவர்கள் ஏன் வந்தார்கள், மூன்றும் ஒன்றாகத்தான் பயணிக்க வேண்டும். கிளினிக், தாய்சேய் கிளினிக், ரத்த வங்கி, சிறைச்சாலை, காசநோய்ப் பிரிவு, ஒவ்வொன்றுக்கும் தனி வரி. ரத்த வங்கியில் கொடையாளரின் ரத்தம் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, சி, மலேரியா எல்லாவற்றுக்கும் பார்க்கப்படுகிறது, ஆனால் கேள்வி கேட்டு வடித்து எடுத்த சுகதேகிகள் அவர்கள், அதை ஊரின் நிலை என்று எடுக்க முடியாது.

எந்த வரியிலும் வராதவர்கள் சந்திப் பாமசியில் "சூட்டுக்கு ஒன்று தாங்கோ" என்று நாலு குளிசை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அவர்களை எண்ண முடியாது, ஆனால் பாமசிக்காரரோடு பழகலாம். பெயர் கேட்காமல், "இந்த மாதம் அப்படிக் கேட்டு வருகிறவை கூடவோ அண்ணை?" என்று மட்டும். கூட என்று அவர் சொன்னால் அறிக்கையில் ஏறாது, உங்கள் காது மட்டும் கூர்மையாகும்.

தாய்சேய் கிளினிக்கை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லாக் கர்ப்பிணிகளும் வரும் ஒரே இடம் அதுதான். குடும்ப நல உத்தியோகத்தர் 12 வாரத்துக்கு முன் பதிந்து ரத்தம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தச் சான்றுக்கு, தாயிடமிருந்து சிபிலிஸ் தொற்றிய பிள்ளைகளின் எல்லை ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 50. வருடம் 2,000 பிள்ளை பிறக்கிற ஒரு மாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், 50 என்ற அந்த எல்லை அங்கே ஒரே ஒரு பிள்ளை. நெடுங்கேணிக்கு உள்ளே எங்கோ பஸ் இல்லாத ஒரு கிராமத்தில் ஏழாம் மாதம் பதிந்த ஒரு தாய், ரத்தம் எடுத்தும் பதில் வராத ஒரு குப்பி, அவ்வளவு போதும். ஆகவே எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தோம் என்பதோடு நிற்காமல் எத்தனை பதில் திரும்பி வந்து தாயின் கையில் சேர்ந்தது என்றும் எண்ணுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மத்தியானம் வரை கிடந்து சிதைந்த ரத்தம் "எடுத்தது" என்ற கணக்கில் இருக்கும், "பார்த்தது" என்ற கணக்கில் இருக்காது.

தொடர்புகளைத் தேடுதல்

நோயாளியோடு உறவு வைத்தவர்களைத் தேடிப் பரிசோதனைக்கு அழைப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி, கைப்பக்குவம் வேண்டியது. எவ்வளவு காலம் பின்னோக்கிக் கேட்பது என்பதற்கு உங்கள் சுற்றறிக்கையைப் பாருங்கள். ஒரு விளக்கத்துக்காக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைச் சொல்கிறேன்: கொனோரியா, கிளமிடியாவுக்கு 60 நாள், முதல் புண் நிலைச் சிபிலிசுக்குப் புண் இருந்த காலத்தோடு 3 மாதம், தடிப்பு நிலைக்கு அறிகுறி இருந்த காலத்தோடு 6 மாதம், மறைந்திருக்கும் அண்மைத் தொற்றுக்கு ஒரு வருடம்.

"மூன்று மாதத்துக்குள் யாரோடு?" என்று கேட்டால் யாருக்கும் விடை வராது, எனக்கே வராது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமோ பின்னமோ, மடுத் திருவிழாவுக்குப் போன பயணத்திலோ, காலபோக நெல் வெட்டி முடிந்த பிறகோ என்று கேளுங்கள், நாள் தானாக வந்து விழும். பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சொல்ல விருப்பமில்லாதவரிடம் ஒரு அழைப்புத் துண்டைக் கொடுத்து அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். துண்டில் கொடுத்தவரின் கிளினிக் இலக்கம் மட்டும் இருந்தால் வந்தவர் எந்தச் சங்கிலி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போன் எடுத்தால் முதலில் ஆளை உறுதிப்படுத்துங்கள், இடத்தின் பெயரைப் பிறகு சொல்லலாம்.

"அண்ணை, தனிய நிக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி, உழவு மிசினில போறம், நாலு பேர் நிக்கினம்."

"சரி, இறங்கின பிறகு இந்த நம்பருக்கு ஒருக்கா எடுங்கோ."

அவ்வளவுதான். மனைவி எடுத்தால், மகள் எடுத்தால், "பிறகு எடுக்கிறன் அக்கா" என்று வைத்துவிட வேண்டும், ஆஸ்பத்திரி என்ற சொல்கூட வரக் கூடாது.

ஒருமுறை ஓரிடத்திலிருந்து, எங்கே என்று சொல்லப்போவதில்லை, ஒருவருக்குக் கடிதம் போனது. உள்ளே "வந்து சந்திக்கவும்" என்று ஒரு வரிதான். ஆனால் கவரின் மூலையில் கிளினிக்கின் முழுப்பெயரோடு நீல முத்திரை. அவர் வீடு உள்ளுக்கு என்பதால் கடிதத்தைச் சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அது இரண்டு நாள் பிஸ்கட் போத்தலுக்குப் பக்கத்தில் சாத்தியபடி நின்றிருக்கிறது. அவர் வரவில்லை. அவர் மட்டுமா, அந்தக் கிராமத்திலிருந்தே அந்த வருடம் ஒரு சனம் வரவில்லை. வருட முடிவில் அட்டவணையைப் பார்த்தபோது அந்தப் பிரதேசத்தில் நோய் நன்றாகக் குறைந்த மாதிரித்தான் இருந்தது, கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது.

இதே ஆபத்து அட்டவணையிலும் இருக்கிறது. "பெண், 20–24, கர்ப்பிணி: 1" என்று கிராம அலுவலர் பிரிவு வாரியாக அச்சிட்டால் பெயர் எழுதத் தேவையே இல்லை, அந்தப் பிரிவில் அந்த வயதுக் கர்ப்பிணி யார் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன எண்களை வெளியே காட்டும்போது மாவட்டமாகக் கூட்டுங்கள், அல்லது வயதை அகலமாக்குங்கள், அல்லது காலாண்டை வருடமாக்குங்கள். பிரதேச செயலகக் கூட்டத்தில் யாராவது "எந்த ஊர் தம்பி?" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

எண்கள் சின்னதாக இருப்பதால் ஏற்ற இறக்கத்துக்குப் பதறவும் வேண்டாம். 0, 1, 0, 2, பிறகு 3 என்பது எதுவுமில்லாமலும் இருக்கலாம். அந்த மூன்று பேரும் அண்மைத் தொற்றா, ஒரே சங்கிலியா, ஒருவர் கர்ப்பிணியா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். பரிசோதித்த திகதியை வைத்துக் கணக்குப் போடுங்கள், கணினியில் ஏற்றிய திகதியை வைத்தல்ல, இல்லாவிட்டால் ஒருவர் பிரசவ விடுமுறை முடிந்து வந்து தேங்கியதை எல்லாம் ஒரே கிழமையில் ஏற்ற, நீங்கள் கொள்ளை நோய் என்று ஓடித் திரிவீர்கள். எச்.ஐ.வி.க்கு இன்று நெகட்டிவ் என்று வந்தவரிடம் கடைசித் தொடர்பு எப்போது என்று கேட்டு எழுதுங்கள், புதிய வகையான நான்காம் தலைமுறைப் பரிசோதனையே தொடர்புக்குப் பிறகு 45 நாள் கழிந்தால்தான் உறுதியாகச் சொல்லும், அதற்குள் என்றால் திரும்பி வர ஒரு திகதி கொடுங்கள்.

பெயரும் இலக்கமும் சேர்ந்த கொப்பி ஒரு அலுமாரியில், மற்றப் பதிவுகள் இன்னொன்றில், திறப்பு ஒருவரிடம். இடமாற்றம் வரும், எல்லோருக்கும் வரும். திறப்பைக் கொடுக்கும்போது கோடு போட்ட வாரங்கள் எவை, ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். யாரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் தாளில் எழுதாமல், கதவைச் சாத்திவிட்டு, வாயால் சொல்லுங்கள்.